கேட்டு எழுந்தவன்: தேம்பாவணியில் கீழ்ப்படிதல் இறைமாட்சியாகும் திறம்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ மரபில் கீழ்ப்படிதல் இறைவனை மாட்சிப்படுத்தும் தலையாய வழிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஆயினும் கீழ்ப்படிகின்ற ஒருவனைப் பெருங்காப்பியத்தின் தலைவனாக நிறுத்துவது எளிதன்று. வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத சூசையை வளன் எனப் பெயரிட்டுத் தலைவனாக்கியது. வளனின் கீழ்ப்படிதல் காப்பியத்தின் குறையன்று, அதுவே காப்பியத்தின் வினை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ‘கேள்’ என்னும் தமிழ் வினையடியின் பொருள்விரிவு, இலொயோலா இஞ்ஞாசியார் வகுத்த மூன்று படிநிலைகள், கம்பனின் இராமனோடு கொள்ளும் ஒப்புமை ஆகியவற்றின் வழி இக்கருத்து ஆராயப்படுகிறது. யாருக்குக் கீழ்ப்படிவது என்னும் வினாவைக் காப்பியம் எதிர்கொள்ளும் முறையும் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, வீரமாமுனிவர், வளன், கீழ்ப்படிதல், கேட்டல், இறைமாட்சி, இரட்சணிய யாத்திரிகம்.

முன்னுரை

இத்தாலியில் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, மதுரை மறைத்தளத்தில் பணியாற்றியவர் வீரமாமுனிவர் (1680–1747). அவர் 1726இல் இயற்றி முடித்த தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தமிழ்க் காப்பிய மரபுக்கும் விவிலியப் பொருளுக்கும் நேர்ந்த சந்திப்பு என்ற வகையில் இந்நூல் பலவாறாக ஆராயப்பட்டுள்ளது. நாட்டு வருணனை, திருக்குறள் தாக்கம், கம்பன், திருத்தக்கதேவர் ஆகியோரின் செல்வாக்கு, அணிநலன் என ஆய்வுகள் விரிகின்றன. காப்பியத் தலைவனின் அடிப்படைப் பண்பாகிய கீழ்ப்படிதல் ஒரு காப்பியச் சிக்கல் என்ற நிலையில் போதிய கவனம் பெற்றதாகத் தெரியவில்லை.

இச்சிக்கல் மூலத்திலேயே தொடங்குகிறது. மத்தேயு நற்செய்தியில் சூசைக்குக் கனவுகள் நான்கு உண்டு (1:20, 2:13, 2:19, 2:22). கூற்று ஒன்றேனும் இல்லை. கனவில் வானதூதர் பேசுகிறார். சூசை எழுகிறார், சொல்லப்பட்டதைச் செய்கிறார். தாவீதின் மரபில் வந்தவரேனும் அவர் தச்சர். வாளேந்தியவர் அல்லர், நாடாண்டவரும் அல்லர். இத்தகைய ஒருவரைத் தமிழ்ப் பெருங்காப்பியம் ஒன்றின் நடுவில் நிறுத்தத் துணிந்த புலவர், தலைமை என்பதன் பொருளையே மாற்ற வேண்டியிருந்தது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

1. சொல்லும் பொருளும்

‘கீழ்ப்படிதல்’ என்னும் தமிழ்ச்சொல் இடத்தைச் சுட்டுவது. மேல் ஒருவர், கீழ் ஒருவர் என்னும் நிலையும், கீழுள்ளவர் படிந்து நிற்பதும் அதில் அடங்கியுள்ளன. விவிலிய மொழிகளில் இக்கருத்தைக் குறிக்கும் சொற்கள் இடத்திலிருந்து அன்றிச் செவியிலிருந்து பிறந்தவை. எபிரேயத்தில் ‘ஷாமா’ என்பது கேட்டலையும் கீழ்ப்படிதலையும் ஒருசேரக் குறிக்கும். கிரேக்கத்தில் ‘ஹூப்பக்கோயே’ என்பது கேட்டலைக் குறிக்கும் வினையடியிலிருந்து கிளைத்தது. இலத்தீன் ‘ஒபோதீரே’ என்பதன் உள்ளும் ‘அவுதீரே’, அதாவது கேட்டல் உள்ளது. இம்மூன்று மொழிகளிலும் கீழ்ப்படிதல் தலைதாழ்த்துவதற்கு முன்பே செவிகொடுப்பதாக அமைகிறது.

இந்நோக்கில் தமிழுக்கும் ஒரு வளம் உண்டு. ‘கேள்’ என்னும் வினையடி செவியால் உணர்தல், வினவுதல், சொன்னபடி நடத்தல் ஆகிய மூன்று பொருள்களையும் தாங்குகிறது. ‘பெற்றோர் சொல்லைக் கேட்கும் பிள்ளை’ என்னும் வழக்கில் ‘கேட்கும்’ என்பது ஒலியைச் செவியில் ஏற்பதை மட்டும் குறிப்பதன்று. ‘சொல் கேளாதவன்’ செவிடனும் அல்லன். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய கேள்வி, செவிவழிப் பெறும் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாக வைக்கிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் வீரமாமுனிவர். கேள்வி அதிகாரத்தை ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பார்த்த ஒருவருக்குக் கேட்டலும் ஒழுகுதலும் தமிழில் பிரியாமல் நிற்பது புலப்பட்டிருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை.

மாட்சிப்படுத்துதல் என்னும் சொல்லும் இவ்வாறே நோக்கத்தக்கது. எபிரேயத்தில் மாட்சியைக் குறிக்கும் ‘காவோத்’ என்பது எடை, கனம் என்னும் அடியிலிருந்து வந்தது. பெற்றோரை மதிக்குமாறு கூறும் கட்டளையில் வரும் எபிரேய வினையும் அதே அடியினது. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பு அக்கட்டளையில் ‘கனம்பண்ணுதல்’ என்னும் தொடரை ஆண்டது மூலத்துக்கு மிக நெருங்கியதாகும். ஒருவரை மாட்சிப்படுத்துவது அவருடைய சொல்லுக்கு எடை இருப்பதாகக் கொண்டு நடப்பதாகும். கேட்ட சொல்லைக் காற்றில் விடுபவன் சொன்னவரை இலேசாக்குகிறான். கேட்டு எழுபவன் சொன்னவரைக் கனப்படுத்துகிறான். கீழ்ப்படிதல் இறைமாட்சியாவது இப்பொருளிலேயே ஆகும். இறைவனிடம் இல்லாத பெருமை ஒன்றை மனிதன் அளிப்பதில்லை. உள்ள பெருமை அவன் நடையில் புலனாகிறது.

2. தலைவனும் வினையும்

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவனை வேண்டுகிறது. மந்திரம், தூது, செலவு, இகல், வென்றி ஆகியவற்றையும் உறுப்புகளாகக் கூறுகிறது. இவ்விலக்கணத்தை அறிந்தே வீரமாமுனிவர் தச்சன் ஒருவனைப் பாடினார். தலைவனுக்கு அவர் இட்ட பெயரே கருதத்தக்கது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் ‘கூட்டித் தருதல், பெருகச் செய்தல்’ என்னும் பொருளடியாகப் பிறந்தது. அப்பொருளை உட்கொண்டே வளன் என்னும் தமிழ்ப்பெயர் அமைந்தது. புலவரின் இயற்பெயரிலும் ஜோசப் என்பது ஒரு கூறாக இருந்தது.

போரில்லாத தலைவனின் கதையில் இகலும் வென்றியும் எங்கிருந்து வரும்? வீரமாமுனிவர் கண்ட வழி நுட்பமானது. எகிப்துப் பயணத்தை ஒட்டிய பகுதியில் யோசுவாவின் வெற்றியும் கிதியோனின் வெற்றியும் தனித்தனிப் படலங்களாக இடம்பெறுகின்றன. போர் வருணனையில் காப்பிய மரபு எதிர்பார்ப்பதைக் கிளைக்கதைகள் நிறைவு செய்கின்றன; தலைவனோ நடந்துகொண்டிருக்கிறான். மேலோட்டமாகக் காண்போர்க்கு இக்கிளைக்கதைகள் தலைவனின் வினையின்மையை மூடிமறைக்க இட்ட நிரப்பிகளாகத் தோன்றக்கூடும்.

ஆனால் அவ்விரு வெற்றிகளின் விவிலிய இயல்பை எண்ணினால் நிலை மாறுகிறது. எரிகோ நகரம் படைவலியால் வீழவில்லை. ஆறு நாள் நாளுக்கு ஒருமுறையும் ஏழாம் நாள் ஏழுமுறையும் நகரைச் சுற்றி வருமாறு பெற்ற கட்டளையின்படி நடந்ததால் அதன் மதில் வீழ்ந்தது (யோசுவா 6). கிதியோனிடம் இருந்த படைஞர் 32,000 பேர். அஞ்சியவர் திரும்பியபின் 10,000 பேர் எஞ்சினர். இறைவன் மேலும் குறைத்து 300 பேரையே நிறுத்தினார் (நீதித்தலைவர்கள் 7). தம் கையே தம்மை மீட்டதென மக்கள் தருக்காதிருக்கவே இக்குறைப்பு நிகழ்ந்ததாக விவிலியம் காரணம் கூறுகிறது. இரண்டும் போர்க்கதைகள் என்பதைவிடக் கேட்டு நடந்தவர்களின் கதைகள் என்பதே பொருந்தும்; இரண்டிலும் வெற்றியின் மாட்சி வென்றவனிடம் தங்காமல் கட்டளையிட்டவனிடம் செல்கிறது. ஆகவே கிளைக்கதைகள் வளனின் கதைக்கு உரையாக அமைகின்றன. மதிலைச் சுற்றி நடந்த யோசுவாவும் பாலையில் நடந்த வளனும் ஒரே வினையைச் செய்தவர்கள். தண்டி கூறும் ‘செலவு’ படையெழுச்சியாக இல்லாமல் ஒரு குடும்பத்தின் இரவுப் பயணமாகத் தேம்பாவணியில் உருமாறியுள்ளது.

3. ஐயமும் மூன்று படிநிலைகளும்

இயேசு சபை 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. ‘இறைவனின் மிகுந்த மாட்சிக்காக’ என்பது அச்சபை தன் குறிக்கோளாகக் கொண்ட தொடர். கீழ்ப்படிதலையே தன் தனி அடையாளமாகவும் அச்சபை கருதியது. அதன் நிறுவுநர் இலொயோலா இஞ்ஞாசியார் 1553இல் போர்த்துகல் நாட்டுத் துறவியர்க்கு எழுதிய மடலில் கீழ்ப்படிதலை மூன்று படிகளாகப் பகுத்தார். சொன்னதைச் செய்து முடிப்பது முதற்படி. சொன்னவரின் விருப்பத்தைத் தன் விருப்பமாக்கிக் கொள்வது இரண்டாம் படி. தன் அறிவையும் அவரது தீர்ப்போடு இசைவிப்பது மூன்றாம் படி. அச்சபையில் பயின்ற வீரமாமுனிவருக்கு இப்பகுப்பு நன்கு அறிமுகமானது.

இம்மூன்றனுள் கடினமானது மூன்றாம் படி என்பது வெளிப்படை. கையைப் பணியவைப்பது எளிது. மனத்தை ஓரளவு பணியவைக்கலாம். கண் கண்டதற்கு மாறாக அறிவைப் பணியவைப்பது எங்ஙனம்? இவ்வினாவை ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் நாடகமாக்குகின்றன. மரியாள் கருவுற்றிருப்பதை வளன் காண்கிறான். கண் ஒன்றைக் கூறுகிறது. அவள் கற்பைப் பற்றி அவன் அறிந்தது வேறொன்றைக் கூறுகிறது. மத்தேயு ஒரே தொடரில் கடந்து சென்ற இடத்தைத் தேம்பாவணி ஒரு முழுப்படலமாக விரிக்கிறது. கீழ்ப்படிபவன் எண்ணாதவன் என்னும் கருத்துக்கு இவ்விரிவு மறுப்பாகிறது. ஐயமே எழாதவனுக்கு ஐயநீங்கு படலம் தேவைப்பட்டிராது.

இங்குச் சட்டமும் ஒரு கூறாகிறது. மோசேயின் சட்டம் இத்தகைய நிலையில் கடுமையானது (இணைச்சட்டம் 22). சூசையை நேர்மையாளர் என்றழைக்கும் மத்தேயு, அவர் மரியாளை வெளிப்படையாக இகழ்ச்சிக்கு ஆளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணியதையும் அதே தொடரில் கூறுகிறார் (1:19). சட்டத்தின் எழுத்தை முற்ற நிறைவேற்றுவது அவரது நேர்மையாகக் கூறப்படவில்லை. இரக்கத்துக்கு இடம் தேடியது அவரது நேர்மையாகிறது. வானதூதரின் சொல் வருவது அதன் பின்னரே. வேறு வகையில் கூறின், கட்டளை வெற்று மனத்தில் விழவில்லை. அறத்தோடு போராடிக்கொண்டிருந்த மனத்தில் விழுந்தது.

மூன்றாம் படியைப் பற்றிய இஞ்ஞாசியாரின் கருத்தும் பலரும் கருதுமளவு ஒருமுகமானதன்று. கட்டளைக்கு மாறான கருத்து எழுமாயின், இறைவேண்டல் செய்தபின் அதனைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம் என்று அதே மடல் இடமளிக்கிறது. ‘கேள்’ என்பதன் இரண்டாம் பொருளாகிய வினவுதல் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. லூக்கா நற்செய்தியில் மரியாள் முதலில் ‘இது எங்ஙனம் ஆகும்’ என வினவுகிறாள். விடை பெற்ற பின்னரே இசைகிறாள் (1:34–38). எகிப்திலிருந்து மீளுமாறு கட்டளை பெற்ற சூசை, யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதைக் கேள்வியுற்று அங்குச் செல்ல அஞ்சுகிறார், அடுத்த கனவு அவரைக் கலிலேயாவுக்குத் திருப்புகிறது (மத். 2:22). அவரது அச்சம் கடிந்துரைக்கப்படவில்லை, ஏற்கப்பட்டது. விவிலியம் காட்டும் கீழ்ப்படிதலில் செவிக்கும் வாய்க்கும் அறிவுக்கும் ஒருங்கே இடமுண்டு என்பதை இவ்விடங்கள் உறுதிசெய்கின்றன.

4. நாடு நீங்கிய இருவர்

வளன் எகிப்துக்குப் புறப்படும் பகுதி பைதிரம் நீங்கு படலம் எனப் பெயர் பெறும். பைதிரம் என்பது நாடு. தலைவன் தன் நாடு நீங்கும் காட்சியைத் தமிழ்ப் படிப்பாளர் எதிர்கொள்ளும்போது கம்பனின் நகர் நீங்கு படலம் தானே முன்வந்து நிற்கும். வீரமாமுனிவர் இவ்வொலிப்பை அறியாது இப்பெயரை அமைத்திருக்க இயலாது.

ஒற்றுமைகள் தெளிவானவை. இருவரும் தம் விருப்பால் அன்றி ஒரு சொல்லால் நாடு நீங்குகின்றனர். இருவரோடும் மனைவியர் செல்கின்றனர். இருவர் கதையும் முடிசூட்டலில் நிறைவுறுகிறது. காடு செல்லுமாறு கைகேயி கூறக் கேட்ட இராமனின் முகம், அப்போது மலர்ந்த தாமரையையும் வென்றதாகக் கம்பன் கூறுவது கீழ்ப்படிதலுக்குத் தமிழ் தந்த ஒப்பற்ற ஓவியமாகும். இஞ்ஞாசியார் கூறும் இரண்டாம் படியை, அதாவது சொன்னவரின் விருப்பம் தன் விருப்பமாதலை, அம்முகமலர்ச்சியைவிடச் சுருங்கக் காட்டுதல் அரிது.

வேற்றுமைகள் இன்னும் பயனுடையவை. இராமன் காப்பது தந்தையின் வாய்மையை. தந்தையோ மனமொப்பி அச்சொல்லைக் கூறவில்லை. வரத்தில் அகப்பட்டுத் துயருற்றுக் கிடக்கிறான். சொல்லின் அறத்தன்மை அங்கு வினாவுக்குரியது; அவ்வினாவை எழுப்பக் கம்பன் இலக்குவனைப் படைத்திருக்கிறான். இலக்குவனின் சீற்றம் இராமனின் பணிவுக்கு எதிர்க்குரலாகி அதனை ஒளிபெறச் செய்கிறது. தேம்பாவணியில் இலக்குவன் இல்லை. எதிர்க்குரல் வெளியே ஒரு பாத்திரமாக நில்லாமல் வளனின் உள்ளத்திலேயே ஐயமாக முன்னர் எழுந்து அடங்கிவிட்டது. ஆதலின் நாடு நீங்கும் இரவில் வாதம் இல்லை. விரைவு மட்டுமே உள்ளது. மத்தேயுவும் எழுந்தார், இரவிலேயே கூட்டிச் சென்றார் என்னும் அளவில் நிறுத்துகிறார் (2:14). விடியும்வரை காத்திராமையே அங்குப் பொருள் தருகிறது. சொல்லின் எடையை உணர்ந்தவனுக்குப் பொழுது பார்த்தல் இல்லை.

பிறிதொரு வேற்றுமை இறைமாட்சியோடு நேரே தொடர்புடையது. இராமன் காடு செல்லும்போது அயோத்தி முழுதும் அழுகிறது; அவன் பணிவுக்கு ஒரு நகரம் சான்றாகிறது. வளன் செல்வதை மாந்தர் எவரும் அறியார். அறிந்தால் குழந்தையின் உயிர்க்கு இடர். புகழ் என்பது காண்போரை வேண்டுவது. காண்போர் இன்றி நிகழும் கீழ்ப்படிதல் செய்பவனுக்குப் புகழ் தருவதில்லை. ஆதலின் அதன் மாட்சி முழுதும் இறைவனையே சாரும். தேம்பாவணியின் தலைவன் புகழால் உயர்பவன் அல்லன் என்பதற்கு இவ்விரவே சான்று.

5. ஏரோதின் படைஞர்: கீழ்ப்படிதலின் எல்லை

இதுவரை கூறியவற்றால் கீழ்ப்படிதல் எவ்விடத்தும் அறமே எனக் கொள்ளின், காப்பியமே அதனை மறுக்கும். குழவிகள் வதைப் படலத்தில் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்பவர் யார்? ஏரோதின் கட்டளையை வழுவாது நிறைவேற்றிய படைஞர். அவர்கள் இஞ்ஞாசியாரின் முதற்படியை முற்ற நிறைவேற்றியவர்கள். அதே கதையில் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளோ, குழந்தை இருக்கும் இடத்தைத் தனக்கு வந்து கூறுமாறு ஏரோது பணித்ததை மீறி வேறு வழியாகத் திரும்புகின்றனர் (மத். 2:12). படைஞரின் பணிவு கொலையாகிறது. ஞானியரின் மீறல் வழிபாடாகிறது. மனிதர்க்குப் பணிவதினும் இறைவனுக்குப் பணிதலே கடன் எனத் திருத்தூதர் மன்றத்தின் முன் கூறிய கூற்றும் (தி.ப. 5:29) இவ்வேறுபாட்டையே விளக்குகிறது.

தமிழ்ச் சைவ மரபில் இதற்கு ஒப்பான நிலை உண்டு. பல்லவ மன்னனின் ஆணை தாங்கி வந்தோரிடம், சிவனுக்கு ஆட்பட்டவர் எவர்க்கும் பணியத் தேவையில்லை என்னும் பொருள்படத் திருநாவுக்கரசர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும். ஓர் இடத்தில் முழுமையாகப் பணிந்தவனே மற்றெல்லா இடத்தும் நிமிர்ந்து நிற்கிறான். வளனும் அவ்வாறே. வானதூதரின் சொல்லுக்குப் பணிந்தமையால் அவன் ஏரோதின் ஆணையினின்றும் தப்பியவன் ஆகிறான். எகிப்துச் செலவு பணிவும் எதிர்ப்பும் ஒன்றான செயல்.

ஆயினும் வரலாற்றில் இவ்வெல்லை எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. தேம்பாவணியின் மூலங்களுள் ஒன்றாகக் கூறப்படுவது ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியா (1602–1665) எழுதிய நூல். அவர் அந்நூலின் முதல் வடிவத்தை ஓர் ஒப்புரவு அருள்பணியாளரின் கட்டளைக்குப் பணிந்து எரித்தார். பின்னர் மற்றொருவரின் கட்டளையால் மீண்டும் எழுதினார். எரித்ததும் கீழ்ப்படிதல், எழுதியதும் கீழ்ப்படிதல். இரண்டில் எது இறைமாட்சி? இறைவனின் சொல்லையும் இறைவன் பெயரால் பேசும் மனிதரின் சொல்லையும் ஒன்றாகவே கொள்ளும்போது எழும் இடர் இது.

இவ்விடர் ஏட்டளவில் நிற்பதும் அன்று. அடிமைகள் தலைவர்க்குக் கீழ்ப்படியுமாறு கூறும் திருமுகப் பகுதிகள் (எபே. 6:5, கொலோ. 3:22) அமெரிக்க அடிமைமுறையைக் காக்க எடுத்தாளப்பட்டன. கீழ்ப்படிதலைப் போற்றும் எந்நூலும் இவ்வரலாற்றின் முன் தன்னை விளக்கிக்கொள்ளும் கடப்பாடுடையது. தேம்பாவணி இவ்வினாவை நேராக எழுப்பவில்லை. அதன் காலத்தில் அவ்வாறு எதிர்பார்த்தலும் பொருந்தாது. எனினும் கதையமைப்பு விடைக்குரிய அளவுகோலைத் தருகிறது. வளன் பெற்ற கட்டளைகள் அனைத்தும் வலியற்றோரைக் காக்கின்றன: முதற்கனவு மரியாளை ஏற்கச் சொல்கிறது, அடுத்தது குழந்தையைக் காக்கச் சொல்கிறது. ஏரோதின் கட்டளை வலியற்றோரை அழிக்கிறது. கட்டளையிடுபவர் தம்மை யார் எனக் கூறிக்கொள்கிறார் என்பதினும், கட்டளையால் உயிர்பிழைப்பவர் யார் என்பதே அச்சொல் இறைச்சொல்லா என அறியும் குறியாகிறது.

6. பிணியும் முடியும்

மூன்றாம் காண்டத்தின் பிற்பகுதியில் வளன் நோயுறுகிறான். பிணி தோற்று படலம் எனப் பெயர்பெறும் இப்பகுதிக்கு நற்செய்திகளில் ஆதாரம் இல்லை. சூசையின் இறப்பைப் பற்றி அவை எதுவும் கூறவில்லை. தலைவன் வெற்றியோடு மீண்ட பின்னர் அவனை நோயில் கிடத்துவது காப்பிய மரபுக்குப் புதிது. இதற்குக் கீழ்ப்படிதல் பற்றிய பார்வையே விளக்கம் தருகிறது. இதுவரை வளனின் பணிவு எழுதல், நடத்தல், உழைத்தல் என்னும் வினைகளாக நிகழ்ந்தது. நோயில் செய்வதற்கு எதுவும் இல்லை. வந்ததை ஏற்பது மட்டுமே எஞ்சுகிறது. வினையெல்லாம் நீங்கிய நிலையிலும் பணிவு நிற்குமா என்பதே இறுதிச் சோதனை. கிறித்து துன்பத்தின் வழியே கீழ்ப்படிதலைக் கற்றார் என்னும் எபிரேயர் திருமுகக் கருத்து (5:8) இங்கு நினையத்தக்கது.

அதன்பின் காப்பியத்தின் இறுதிப் படலமாக முடிசூட்டு படலம் அமைகிறது. இராமனுக்கு முடி போருக்குப்பின் அயோத்தியில். வளனுக்கு நோய்க்கும் இறப்புக்கும் பின் வானகத்தில். பிலிப்பியர் திருமுகம் காட்டும் வளைவும் இதுவே. சாவை ஏற்கும் அளவுக்குக் கீழ்ப்படிந்தவர் உயர்த்தப்படுகிறார். அவ்வுயர்வின் இறுதி நோக்கம் தந்தையின் மாட்சி (2:8–11). தாழ்தல், உயர்தல், மாட்சி என்னும் இவ்வரிசையைத் தேம்பாவணி ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறாக விரித்துள்ளது. ‘தேம்பா அணி’ எனப் பிரித்து வாடாத மாலை எனவும், ‘தேன் பா அணி’ எனப் பிரித்துத் தேனொத்த பாக்களால் ஆன அணி எனவும் நூற்பெயர்க்குப் பொருள் கூறுவர். தனக்கெனப் புகழ் தேடாதவனுக்குப் புலவன் சூட்டிய மாலையே இக்காப்பியம்.

7. கூலியா, கனியா?

முடியில் நிறைவுறும் கதை ஓர் ஐயத்தை எழுப்பும். கீழ்ப்படிதல் முடியைப் பெறுவதற்குரிய விலையா? சீர்திருத்தச் சபை மரபு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. அம்மரபில் தோன்றிய தமிழ்க் காப்பியம், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய இதன் தலைவனும் வளனைப் போலவே தன் ஊரைவிட்டு நடப்பவன். ஆனால் பனியனின் கதையில் பயணி சட்டத்தின்வழி மீட்புப் பெறலாம் என்னும் அறிவுரையை நம்பி வழி மாறும்போது, சீனாய் மலை தன்மேல் சரிந்துவிடுமோ என அஞ்சி நிற்கிறான். சட்டத்தை நிறைவேற்றி மீட்பை ஈட்ட முற்படும் கீழ்ப்படிதல் அங்கு நசுக்கும் சுமையாகிறது. சிலுவையின் முன் சுமை நீங்கிய பின்னரே நடை இலேசாகிறது. அங்குக் கீழ்ப்படிதல் மீட்பின் காரணம் ஆகாமல் மீட்பின் கனியாகிறது.

இரு காப்பியங்களையும் எதிரெதிர் நிறுத்துவது எளிது. ஆனால் அது முழுமையான மதிப்பீடாகாது. வளன் முடியை நாடிப் பணிந்ததாகத் தேம்பாவணியின் கதைப்போக்கு அமையவில்லை. ஒவ்வொரு முறையும் சொல் முதலில் வருகிறது. எழுச்சி பின்னர் வருகிறது. முன்வந்த அருளுக்கு மறுமொழியாகவே அவன் பணிவு நிகழ்கிறது. நம்பிக்கையால் விளையும் கீழ்ப்படிதல் என உரோமையர் திருமுகம் தொடக்கத்திலும் முடிவிலும் கூறும் தொடர் (1:5, 16:26) இவ்விரு காப்பியங்களுக்கும் பொதுவான நிலமாகும். கிருஷ்ணபிள்ளை விடுதலையின் கணத்தை அழுத்துகிறார். வீரமாமுனிவர் விடுதலை பெற்றவனின் நாள்தோறுமான நடையை அழுத்துகிறார்.

முடிவுரை

தேம்பாவணியின் தலைவன் வினையற்றவன் என்னும் கருத்து, வினை என்பதைப் போர், ஆட்சி ஆகியவற்றோடு மட்டும் இணைத்துக் காண்பதால் எழுவது. கேட்டலையே வினையாகக் கொள்ளும்போது காப்பியத்தின் அமைப்பு ஒழுங்குறுகிறது. ஐயந்தோற்று படலம் அறிவின் போராட்டமாகவும், பைதிரம் நீங்கு படலம் செலவாகவும், கிளைக்கதைகள் அச்செலவின் பொருளுரையாகவும், பிணி தோற்று படலம் இறுதிச் சோதனையாகவும், முடிசூட்டு படலம் மாட்சியாகவும் தொடர்கின்றன.

இக்கீழ்ப்படிதல் அடிமைநிலையும் அன்று. அது வினவுவதற்கு இடம் தருகிறது. அச்சத்தை மறைக்கத் தேவையில்லை என்கிறது. அழிக்கும் ஆணையை மீறச் செய்கிறது. அடக்கியாள்வோர் கீழ்ப்படிதலைத் தமக்குரிய கருவியாக்கிய வரலாற்றின் முன் தேம்பாவணியை மீண்டும் படிப்போர், அந்நூலிலிருந்தே அதற்கு மறுப்பைப் பெற இயலும். ஒரே இரவின் கதையில் ஏரோதின் படைஞரும் கட்டளை கேட்டனர். வளனும் கட்டளை கேட்டான். படைஞர் கேட்டதால் பெத்லகேமில் குழந்தைகள் மாண்டனர். வளன் கேட்டதால் ஒரு குழந்தை பிழைத்தது. இறைமாட்சி விளங்கியது அங்கேதான்.